டைனோசர் குடித்த தண்ணீர்

எங்கள் வாசகர் வட்டத்தில் யாரும் என்னை 'வா' என்று சொன்னதில்லை. 'வாங்க' என்றும் சொன்னதில்லை. இரண்டையும் சொல்லாமல் ஒரு ஆளை எப்படி வரவேற்க முடியும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். 'வந்தாச்சா?' என்று கேட்டால் போதும்.

கோயமுத்தூர்க்காரர்களின் மரியாதையைப் பற்றி நாடெல்லாம் பேச்சு. 'நாய் கடிக்குமுங்க' என்று நாய்க்கே மரியாதை கொடுக்கிறவர்கள் என்று மதுரைப் பக்கத்து நண்பர் ஒருவர் கேலி செய்வார். அந்த 'ங்க' நாய்க்கு இல்லை, கேட்டுக்கொண்டிருக்கிறவருக்கு என்று நான் அவருக்கு விளக்கியிருக்கிறேன். அது யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதையும் விளக்கியிருக்கலாம். செய்யவில்லை.

நான் காரமடைப் பக்கம் ஒரு ஊரின் காலனியில் பிறந்தவன். காலனி என்றால் எது என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. என் அப்பாவை, அவருக்குப் பேரனாக இருக்கவேண்டிய வயதுப் பையன்கள் 'வாடா' என்று கூப்பிட்டார்கள். அவர் 'வாரேன் சாமி' என்று போனார். நான் படித்தேன். இயற்பியலில் பட்டம் வாங்கி, சிங்காநல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியரானேன். என்னிடம் வந்ததும் அவர்களுக்குச் சிக்கல். பழைய 'வா'வைச் சொல்லக் கூச்சம். புதிய 'வாங்க' சொல்ல மனம் வரவில்லை. அதனால் இலக்கணத்தில் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். 'வந்தாச்சா, சாப்பிட்டாச்சா, உக்காரலாமே, பஸ் கெடச்சுதா.' இத்தனை விசாரிப்பிலும் என்னைத் தேடிப் பார்த்தால் நான் இருக்கமாட்டேன், பஸ்தான் இருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த வட்டத்தில் சேர்ந்தேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒருவர் வீட்டில் கூடி ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுவோம். தலைவர் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனி முதலாளி. சிங்காநல்லூரில் குளத்தங்கரைப் பக்கம் பெரிய வீடு, அலமாரி நிறையப் புத்தகம், நன்றாகப் படிக்கிறவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்து ஒரு பல் டாக்டர். அப்புறம் ஒரு பேங்க் அதிகாரி. மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி வைத்திருக்கும் ஒருவர். மற்றவர்கள் காபிக்கு வந்து போகிறவர்கள்.

வீட்டுக்கு வீடு முறை வைத்துக் கூடுவது வழக்கம். என் முறை வந்தால் மட்டும், "வாத்தியாரு ஊடு நெம்பத் தூரமாச்சே" என்று யாராவது சொல்வார்கள், எல்லாரும் தலையாட்டுவார்கள், முறை அடுத்தவருக்குத் தாவிவிடும். என் வீடு சிங்காநல்லூர் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். மண்டிக்காரர் முறை வந்தபோது இரண்டு காரில் மேட்டுப்பாளையம் வரைக்கும் போய், பாக்குத்தோப்பில் கட்டில் போட்டு உட்கார்ந்து கவிதை பேசிவிட்டு வந்தோம். அப்போது யாருக்கும் தூரம் தெரியவில்லை. நானும் அந்தக் காரில்தான் போனேன். ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டு, இவர்களை ஒரு நாள் என் வீட்டில் உட்கார வைக்காமல் விடுவதில்லை என்று நினைத்துக்கொண்டே போனேன். அப்போது எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். இன்று சொல்ல எரிச்சலாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தலைவரின் மருமகன் வெளிநாட்டிலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்தார். ஆங்கிலம். பூமி, காற்று, தண்ணீர், உடம்பு என்று எல்லாவற்றையும் கிண்டலடித்துக்கொண்டே விளக்குகிற அறிவியல் புத்தகம். தலைவர் படித்தார். பிறகு அது கைமாறிக் கைமாறி எல்லாரிடமும் போனது. கூட்டத்தில் கருத்துக் கேட்டபோது தலைவர், "புக்கு தடிமனாக் கெடக்குதே, விசயம் இருக்குமுன்னு நெனச்சனுங்க. பாத்தா பக்கத்துக்குப் பக்கம் கிண்டலால்ல இருக்குது?" என்றார்.

டாக்டருக்குச் சிரிப்பே தப்பு. "விஞ்ஞானத்தச் சிரிச்சுட்டே சொன்னா எவன் நம்புவானுங்க? நான் ஈறக் கீறுறப்ப ஜோக்கு சொன்னா அவன் எந்திரிச்சு ஓடிருவான்" என்றார்.

பேங்க் அதிகாரிக்கு வேறு கஷ்டம். அவர் முழுப் புத்தகத்தையும் அகராதி வைத்துக்கொண்டு படித்திருந்தார். எது விஞ்ஞானம், எது ஜோக்கு என்று பிரிக்க முடியவில்லை. ஒரு ஜோக்கை உண்மை என்று நம்பித் தன் ஆபீசில் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். "சிரிக்கற எடத்துல எல்லாம் வாத்தியாரு ஒரு குறி போட்டுக் குடுத்தாத் தேவல" என்றார் என்னைப் பார்த்து.

போட்டுக் கொடுத்தேன். பென்சிலால் பக்க ஓரத்தில், சிரிக்க வேண்டிய இடத்துக்கெல்லாம் ஒரு 'சி'. அந்தப் புத்தகம் எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையைப் பார்த்து எழுதி எழுதிச் செத்துப்போன பாடங்கள் அதில் உயிரோடு இருந்தன. குறி போட்டும் அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை என்பதால், மாதம் ஒரு அத்தியாயத்தை நானே தமிழில் சொல்வது என்று ஏற்பாடானது. அதை நான் வாசித்துக் காட்டவில்லை, நடித்தே காட்டினேன். புத்தகம் எழுதியவர் ஊர்ச் சாராயக்கடை என் வாயில் காந்திபுரத்து பேக்கரி ஆனது. அவர் ஊர் ஆறு நொய்யல் ஆனது. அவர் மாமியாரை மட்டும் மாற்றவில்லை. மாமியார் எங்கேயும் மாமியார்தான்.

சிரித்தார்கள். டாக்டர்கூடச் சிரித்தார். ஒரு அறை முழுக்க ஆட்கள், நான் எங்கே நிறுத்துகிறேனோ அங்கே சிரிப்பதும், நான் மூச்சு விட்டால் அடுத்தது என்ன என்று பார்ப்பதுமாக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. சிரித்து முடித்ததும் தலைவர், "சொன்னது பிரமாதம்" என்பார். 'பிரமாதமாச் சொன்னீங்க' என்று ஒரு தடவையாவது வந்துவிடும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வாக்கியத்தைப் போய் நோண்டுவானேன், சிரிப்பு உண்மைதானே என்று சமாதானம் செய்துகொண்டேன்.

தண்ணீர் அத்தியாயம் ஒரு சித்திரை மாதத்தில் வந்தது. அதன் சாரம் இதுதான். பூமியில் இருக்கிற தண்ணீர் ஏறக்குறைய எல்லாமே பழையது. ஆவியாகி, மேகமாகி, மழையாகி, குடிக்கப்பட்டு, வெளியேறி, மறுபடி ஆவியாகி, அதுவேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. நம் டம்ளரில் இருப்பது என்றோ ஒரு டைனோசர் குடித்துக் கழித்த தண்ணீராகவும் இருக்கும். இதை நான் டைனோசர் மாதிரி கழுத்தை நீட்டிக் குடித்து, பிறகு ஒரு மரத்தடியில் ஒதுங்கி நின்று காட்டியபோது மண்டிக்காரருக்குப் புரையேறிவிட்டது.

"அப்ப நாம சிறுவாணி சிறுவாணின்னு பெருமையடிக்கறது டைனோசர் மூத்திரமுங்களா?" என்றார் தலைவர்.

"ஆமாங்க. வடிகட்டுனது" என்றேன்.

அந்த அறை அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிறுவாணித் தண்ணீரைப் பழித்தால் கோயமுத்தூர்க்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். அன்று விட்டார்கள். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இதைவிட்டால் நேரம் கிடைக்காது என்று தோன்றியது. "அடுத்த மாசம் எங்க ஊட்டுல வெச்சுக்கலாமுங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

சிரிப்பு நின்றது. பேங்க் அதிகாரி, "தூரமாச்சே" என்று ஆரம்பித்தார். ஆனால் இன்னும் வாய் சிரித்த வாக்கில் இருக்கும்போது முகத்தைச் சுளிப்பது யாருக்கும் கஷ்டம்தான். தலைவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வெச்சுக்கலாம், வெச்சுக்கலாம். அதுக்கென்ன" என்றார்.

என் மனைவி அப்போது தபால் ஆபீசில் வேலை பார்த்தாள். ஊரின் முகவரிகள் எல்லாம் கையில் புழங்கியதால் எந்தத் தெருவில் யார் என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சுலபத்தில் எதையும் நம்பமாட்டாள். "நெசமாலுமே வாராங்களா? இல்ல, சொல்லிப்போட்டுக் கடைசீல காய்ச்சல்ம்பாங்களா?" என்று மட்டும் அந்த மாதம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனாலும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னாள். புது எவர்சில்வர் டம்ளர்கள் வாங்கினாள். பக்கத்து வீடுகளில் நாற்காலி இரவல் சொல்லிவைத்தாள். குழாயில் சிறுவாணி வந்த நாளில் பிடித்து மண்பானையில் ஊற்றி வெட்டிவேர் போட்டு வைத்தாள். தலைவர் வீட்டுக் குழாயிலும் எங்கள் வீட்டுக் குழாயிலும் வருவது ஒரே தண்ணீர்தான், ஒரே தொட்டியிலிருந்து.

வந்தார்கள். இரண்டு கார் எங்கள் தெருவுக்குள் நுழைய முடியாமல் முனையிலேயே நின்றது. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்கள். நான் வாசலில் நின்று, "வாங்க வாங்க" என்றேன். என் மனைவி, "வாங்க, உள்ள வாங்க" என்றாள். "வந்தாச்சு வந்தாச்சு" என்றபடி நுழைந்தார்கள்.

அவள் காலையிலிருந்து பருப்பும் வெல்லமும் பூரணம் வைத்து ஒப்புட்டு சுட்டு வைத்திருந்தாள். தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். டாக்டருக்குச் சர்க்கரை வியாதி. அது எனக்குத் தெரியாது, தலைவர் வீட்டில் ஜாங்கிரி சாப்பிடும்போது அந்த வியாதி அவருக்கு வருவதில்லை. மண்டிக்காரர் அன்று ஏதோ விரதம். தலைவர், "இப்பத்தான் டிபன் ஆச்சு" என்று வயிற்றைத் தடவிக் காட்டினார். காபிக்கு எல்லாரும் சேர்ந்தாற்போல் கையை ஆட்டினார்கள். வெயில் காலத்தில் காபி எதற்கு என்றார்கள். சரி என்று அவள் டம்ளர்களில் தண்ணீரை ஊற்றி, தட்டத்தில் வைத்து, நடுவில் இருந்த ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்றைய அத்தியாயம் மின்னலைப் பற்றியது. சொல்ல ஆரம்பித்தேன். யாருக்கும் காது இல்லை. எல்லார் கண்ணும் ஸ்டூலின் மேலேயே போய்ப் போய் வந்தது. அந்தச் சின்ன அறையில் மின்விசிறியின் காற்று போதவில்லை, வேர்வை வழிகிறது, தொண்டை காய்கிறது, கைக்கெட்டும் தூரத்தில் பானைத் தண்ணீர் இருக்கிறது. ஒருவரும் எடுக்கவில்லை. எனக்கும் மின்னல் சரியாக வரவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் நானே சிரித்துக்காட்ட வேண்டியிருந்தது.

பேங்க் அதிகாரிதான் முதலில் வாயைத் திறந்தார். "ஏனுங்கண்ணா, போன மாசத்துத் தண்ணிப் பாடத்தச் சோதன பண்ணிப் பாத்துரலாமுங்களா?" என்றார். கேட்டது தலைவரைப் பார்த்து. தண்ணீரின் சொந்தக்காரன் நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

தலைவர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. ஒரு டம்ளரை எடுத்து எல்லாருக்கும் காட்டுகிற மாதிரி உயர்த்திப் பிடித்தார். "டைனோசர் மூத்திரத்தையே காலம்பூராக் குடிச்சுட்டு இருக்கறமாமா. இதையுங் குடிச்சுப்போட்டா என்னங்க ஆயிரப் போவுது?" என்றார்.

அண்ணாந்து, உதடு படாமல், மடமடவென்று குடித்தார். டம்ளரை 'டக்' என்று ஸ்டூலில் வைத்தார். கை தட்டினார்கள். உண்மையாகவே கை தட்டினார்கள். மண்டிக்காரர் விரதத்தை மறந்துவிட்டு, "எனக்கொரு டைனோசருங்க" என்று அடுத்த டம்ளரை எடுத்தார். அதற்குச் சிரிப்பு. அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு கசாயம் குடிப்பதுபோல் குடித்தார். அதற்கும் சிரிப்பு. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "கொஞ்ச நேரம் பாக்கலாமுங்க, ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதான்னு" என்று சொல்லிவிட்டுத் தானும் குடித்தார். போன மாதம் சிரித்த அதே சிரிப்பு. நான் 'சி' போட்டுக் கொடுக்காத இடத்தில் அவர்களாகவே சிரிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் கெட்ட எண்ணத்தோடு அதைச் செய்யவில்லை. இதை நான் பெருந்தன்மைக்காகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்று அவர்கள் ஒரு பெரிய காரியம் செய்துவிட்டதாக மனதார நம்பினார்கள். தாத்தா காலத்து அழுக்கை ஒரே மடக்கில் கழுவிவிட்ட சந்தோஷம் அவர்கள் முகத்தில் இருந்தது. குடிக்காமல் எழுந்து போயிருந்தால் கோபப்பட்டிருப்பேன், மறந்தும் இருப்பேன். குடித்துவிட்டார்கள். என் வீட்டுத் தண்ணீரைக் குடிக்க அவர்களுக்கு ஒரு டைனோசரின் துணை தேவைப்பட்டது. அந்தத் துணையைக் கழுத்தை நீட்டி நடித்துக் கொடுத்தவன் நான்.

சமையலறை வாசலில் என் மனைவி ஒப்புட்டுத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து நின்றாள் என்று தெரியவில்லை. நான் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். கிளம்பும்போது தலைவர் என் தோளைத் தொட்டார். "இன்னைக்குத்தான் நம்ம வட்டம் ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்குது" என்றார். ஒருவருக்கொருவர் 'போயிட்டு வாரனுங்க' சொல்லிக்கொண்டு காரில் ஏறினார்கள். என்னைப் பார்த்து, "அப்பறம், கெளம்பியாச்சு" என்றார்கள்.

நாற்காலிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தபோது அவள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். டைனோசர் படம் ஒன்று தமிழ் பேசி நம் தியேட்டர்களுக்கு வந்திருந்தது, இருவரும் போய்ப் பார்த்திருந்தோம். அதை நினைத்துக்கொண்டாள் போல.

"அந்தப் படத்துல வருமுங்களே, அதுங்களா?"

"ம்."

"அது ஆளையே முழுங்குமுங்க. நாம ஒரு வாய் தண்ணிதான குடுத்தோம்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மிஞ்சியிருந்த ஒப்புட்டைத் தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்துவிட்டு வந்தாள். அந்தப் படத்தில் டைனோசர் யாருக்கும் 'ங்க' போட்டுப் பேசாது, ஆனால் எல்லாரையும் சரிசமமாகத் தின்னும் என்று அவளிடம் சொல்ல நினைத்தேன். வேடிக்கையாகப் பேசுகிற தெம்பு அன்றைக்கு இல்லை.

செய்தி எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. தலைமையாசிரியர் கூப்பிட்டு, "உங்க ஊட்டுல வந்து தண்ணியே குடிச்சாங்களாமா? பெரிய மனசுங்க அவிகளுக்கு" என்றார். அவர் எனக்கு 'ங்க' போடுவார், அரசாங்கச் சுற்றறிக்கைக்குக் கையெழுத்துப் போடுவதுபோல. டாக்டரிடம் பல் காட்டப் போன பக்கத்துத் தெருக்காரரும் இதையே கேள்விப்பட்டு வந்து சொன்னார். பேங்க் அதிகாரி டைனோசர் கதையோடு சேர்த்து எல்லாருக்கும் சொல்லிச் சிரிக்க வைக்கிறாராம். குறி போட்டுக் கொடுத்தும் ஒரு ஜோக்கும் புரியாத மனிதருக்கு இது மட்டும் நன்றாக வந்திருக்கிறது. ஊரில் எங்கே போனாலும் என் வீடு ஒரு வீரச்செயல் நடந்த இடமாகிவிட்டது. அங்கே குடியிருப்பவர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் கூட்டம் தலைவர் வீட்டில். போகவேண்டாம் என்றாள் மனைவி. புத்தகம் என்னிடம் இருந்தது, திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சாக்குச் சொன்னேன். சாக்கு மட்டும் இல்லை. எனக்குள் இன்னும் ஒரு நப்பாசை இருந்தது. இவர்கள் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள், ஒரு வழியாகத் தண்ணீரும் குடித்துவிட்டார்கள். எப்படிக் குடித்தால் என்ன, இனிமேலாவது அந்த ஒரு வார்த்தை மாறியிருக்காதா என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். புறப்படும் முன் பக்க ஓரத்தில் இருந்த 'சி'களை ரப்பர் வைத்து அழித்திருந்தேன். தண்ணீர் அத்தியாயத்தில் அழுத்தி எழுதியிருந்தேன் போல, முழுதாக அழியவில்லை.

வாசல் கேட்டைத் திறந்தபோது எனக்கு முன்னால் மண்டிக்காரர் படி ஏறிக்கொண்டிருந்தார். தலைவர் வராந்தாவில் நின்றபடி, "வாங்க வாங்க, ஏனுங்க இத்தன நேரம், உள்ள வாங்க" என்று அவர் கையைப் பிடித்து அனுப்பிவிட்டுத் திரும்பினார். என்னைப் பார்த்தார். முகத்தில் உண்மையான மகிழ்ச்சி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"அட, வாத்தியாரு! வந்தாச்சா?" என்றார்.

"வரலீங்க" என்றேன்.

புத்தகத்தை வராந்தாக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். கேட்டைச் சாத்தும்போது உள்ளே எல்லாரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. தலைவர் நான் சொன்னதை அவர்களுக்குச் சொல்லியிருப்பார்.